வலிக்காத கால்

அத்தா அந்தக் கடிகாரத்தை வாங்கியபோது எனக்குப் பத்து வயது. திருமுடிவாக்கத்தில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்யும் சின்னப் பட்டறை அவருடையது. சர்க்கரை வியாதி பல வருடமாக உண்டு. நடந்த அடி, நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் கடிகாரம் போனுக்கு அனுப்பிவிடும். வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. எல்லாம் பச்சையில் வந்தால், நானே வைத்தியம் பார்த்துவிட்ட பெருமை எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குச் சின்னம்மா வந்தார். அம்மாவின் தங்கை, தாம்பரத்தில் நர்ஸ். போனைக் காட்டினேன். ஒப்புக்குப் பார்க்காமல் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்து, "மச்சான் இவ்ளோ நடக்கறாரா, பரவால்லயே" என்றார். அதற்குள் அத்தா நடந்துவிட்டு வந்து ஷூவைக் கழற்றினார். லேசான ஒரு வாடை. எங்களுக்குப் பழகிப்போனது; சின்னம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சான், காலக் கொஞ்சம் காட்டுங்க."

"கால்ல ஒண்ணும் வலி இல்லம்மா."

"வலி இல்லன்றதுதான் பயமா இருக்கு."

கூச்சத்தில் அத்தா காலை இழுத்துக்கொண்டார். சின்னம்மா தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, சாக்ஸை உரித்தார். சுண்டுவிரலுக்கு அடியில் கறுத்த புண். உள்ளே பட்டறை இரும்புத் துண்டு ஒன்று. அதை மிதித்துக்கொண்டேதான் அவர் தினமும் நடந்திருக்கிறார். சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைத் தின்றிருந்தது. கடிகாரமோ அடிகளை எண்ணிப் பாராட்டிக்கொண்டிருந்தது.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள், பாதம் பிழைத்தது. வீடு திரும்பியதும் சின்னம்மா தினமும் டூட்டி முடித்து, ஸ்கூட்டியில் வந்து கட்டு மாற்றினார். அவர் கைபட்டால் அத்தா முகத்தில் ஒரு நிம்மதி வரும். நான் மட்டும் சின்னம்மாவிடம் பேசவில்லை. அவர் வரும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லையே.

ஒருநாள் அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "நீங்க பாக்காம இருந்திருந்தா அத்தாவுக்கு விரல் இருந்திருக்கும்ல?"

அம்மா கையை ஓங்கினார். சின்னம்மா தடுத்தார். அவிழ்த்த பழைய கட்டுத்துணியைச் சுருட்டியபடி, "தப்பு என்னோடதுதான் கண்ணு. முன்னாடியே வந்து பாத்திருக்கணும்" என்றார்.

கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று அவரை மன்னித்தேன்.