எச்சம் பார்க்கும் தவசிமுத்து

விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் குஞ்சின் எச்சத்தை எடுத்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார் தவசிமுத்து. சுற்றி நிற்கும் பெண்கள் மூச்சுவிடக் கூடாது. காலடியில் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு ஓடும். அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"பேசாதிய. நெறம் கலைஞ்சிரும்" என்பார்.

ராஜபாளையத்தில் அவருக்கு வேறு வேலை கிடையாது. முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாட்டு டாக்டருக்குக் கூரையில் தொங்கும் பங்கா விசிறியை இழுத்தார். கயிற்றை இழுத்த கையில் எப்படியோ வைத்தியமும் ஏறிவிட்டது. அந்த டாக்டர் ஆயுளில் ஒரு கோழியையும் தொட்டதில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கூலி வாங்கமாட்டார். காப்பித்தண்ணி கேட்பார், குடித்துவிட்டுக் கருப்பட்டி போதவில்லை என்பார்.

ஞானபாக்கியம் வீட்டுக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தன. இறகைத் தொங்கப்போட்டு மூலையில் கூனி நின்றன. "செம்மண்ணக் கொத்தியிருக்கு. நல்ல செமிப்பு" என்றார். எல்லாம் செத்து விழுந்த பிறகு அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

அங்காளம்மாளின் குஞ்சுகளோ துறுதுறுவென்று நொய் பொறுக்கிக்கொண்டிருந்தன. பழுப்பு எச்சத்தின் தலையில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் கொஞ்சம் வெள்ளை. தவசிமுத்து ஈர்க்கைத் தூர எறிந்தார்.

"ஏட்டி, இது வெள்ளைக் கழிச்சல். இன்னைக்கே அம்புட்டையும் பொதைச்சிரு. இல்லன்னா தெருவுல ஒரு கோழி மிஞ்சாது."

"நல்லா எரை எடுக்குதே, அண்ணாச்சி?"

"ஆஸ்பத்திரியில இருந்தது நீயா, நானா?"

மகளின் பேறுகாலத்துக்கு ஆகும் என்று அடைவைத்துப் பொரித்த குஞ்சுகள் அவை. தெருவார் பழிக்குப் பயந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடையைக் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினாள். தாய்க்கோழி பொழுது சாயும்வரை அந்த மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

ஒன்று மட்டும் விறகுக்கட்டுக்குள் புகுந்து தப்பிவிட்டது. அதைப் பிடித்துக் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பயந்து பயந்து அதன் எச்சத்தைப் பார்ப்பாள். அதே வெள்ளை. கொண்டை சிவந்து கூவத் தொடங்கிய பிறகும் அதே வெள்ளைதான்.

ஒருநாள் அந்தச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தவசிமுத்து வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பரிபூரணம், புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கேப்பை தூவிக்கொண்டிருந்தாள். முற்றமெங்கும் வெள்ளைத் தலை வைத்த எச்சங்கள்.

"நீங்க பொதைக்கச் சொன்னதுல தப்பினது இது, அண்ணாச்சி" என்று சேவலைக் கீழே விட்டாள் அங்காளம்மாள். "ஒங்க வீட்டுல எப்பக் குழி தோண்டப் போறிய?"

பரிபூரணம் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தாள். "குழி எதுக்கு? கோழிப்பீன்னா வெள்ளை இருக்கத்தான செய்யும்?"

தவசிமுத்து தொண்டையைச் செருமினார். மேற்கே மலையைப் பார்த்தார். பிறகு வலது காலை மெல்ல நீட்டி, பெருவிரலால் மண்ணை இழுத்து, பக்கத்தில் கிடந்த எச்சத்தை மூடினார்.