கோட்டு போட்டவரை ஒரு ராத்திரி தங்கவைத்தது

நன்றாக உடுத்திய மனிதர் யாராவது எங்கள் ஊருக்கு வந்தால் எங்கே துணி எடுக்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள். கேட்பவர்கள் அதிகமில்லை. அப்படி உடுத்திக்கொண்டு விருத்தாசலத்தில் இறங்குகிறவர்களும் அதிகமில்லை. பாதிப் பேர் ரயில் மாறத்தான் இறங்குவார்கள். இருந்தாலும் அந்தத் துறையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் சட்டையை உள்ளே விட்டு, ஷூ மாட்டிக்கொண்டு வந்த ஒரே எழுத்தர் நான். என் உடுப்பெல்லாம் வெள்ளை அல்லது சந்தன நிறம். அதை ரசனை என்று ஊர் நினைத்தது. வெள்ளைத் தூசி பறக்கிற பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் கறுப்புப் பேண்ட்டோடு ஒரு தடவை போய் வந்தவன் எவனும் அந்த ரசனைக்குத்தான் வந்து சேருவான்.

செல்போன் சட்டைப் பைகளில் புதிதாகக் குடியேறிய வருஷங்கள் அவை. ஒரு சித்திரை மாதக் காலையில் என் மனைவியின் தம்பி வந்து நின்றான். பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட் வைத்து, மீட்டர் பெட்டியில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்துகொண்டிருந்தான்.

“மாமா, இன்னிக்கு லீவு போடுங்க.”

“எதுக்குடா?”

“கோயமுத்தூரு பார்ட்டி சரக்கு பாக்க வராரு. சூளை இன்னும் ஆறல. நாளைக்குக் காலைலதான் பிரிக்க முடியும். அவரு சாயங்காலம் ஆறு மணி சேலம் பஸ்ஸுக்குக் கெளம்பிடுவேன்னுட்டாரு.”

“ஏன் ஆறல?”

“சூளை மூட்ட வேண்டிய அன்னிக்குக் கரிநாளாம். நெருப்பு வைக்க மாட்டேன்னுட்டாரு மாஸ்டரு. ஒரு நாளு தள்ளிப் பூடுச்சு.”

“நீ காலண்டர் பாக்கலையா?”

“பாத்தேன் மாமா. ராகு காலம் வரைக்கும் பாத்தேன். அதுக்குக் கீழ பாக்கல.”

அந்த மனிதரை எப்படியாவது ஒரு ராத்திரி ஊரில் தங்கவைக்க வேண்டும். அதுதான் எனக்கு இட்ட வேலை. சமையலறையிலிருந்து என் மனைவி, “டிப்டாப்பா சும்மா நிக்கறதுக்கு ஊருல இவர வுட்டா வேற ஆளு ஏது?” என்றாள். தம்பி சிரிக்கவில்லை. இந்த ஆர்டர் வராவிட்டால் யூனிட்டைப் பூட்டிவிட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போவதென்று அவன் முடிவு செய்திருந்தது எனக்குத் தெரியும். அவன் போனால் அவனை நம்பியிருந்த ஏழு பேரும் வேறு பிழைப்புத் தேட வேண்டும். லீவு சொன்னேன்.

பத்து மணிக்கு அவர் இறங்கினார். அடர்நீலக் கோட்டு, அதே நீலத்தில் பேண்ட், கழுத்தில் டை. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

“ஏனுங்க, எல்லாரும் என்னையே பாக்கறாங்க?”

“மரியாதைங்க” என்றேன்.

யூனிட்டில் நேராகச் சூளையிடம் போய் அதன் சுவரில் உள்ளங்கையை வைத்தார். “இதானுங்களா? தொறந்து காட்டுங்க, பாத்துப்போடலாம்.”

மாஸ்டர் பீடியை எடுக்காமலே சொன்னார்: “இப்ப வாசலைப் பிரிச்சா குளுந்த காத்து பூந்து மொத்தமும் படபடன்னு வெடிச்சிடும்ங்க. பிரிக்கச் சொன்னா பிரிக்கறேன். சத்தம் நல்லா கேக்கும்.”

“எப்பத்தான் ஆறும்?”

“மத்தியானத்துக்கு மேல பாத்துக்கலாங்க” என்று மைத்துனன் பொய் சொன்னான். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டேன்.

காத்திருக்கிற நேரத்தில் அவர் உடைசல் குவியலருகே போனார். உடைந்த துண்டின் உள்பக்கம் பார்த்தால் மண் பக்குவம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ‘டர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் சூளையைத்தான் பார்த்தோம். சூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மெதுவாக எழுந்து கோட்டைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. என் தையல்காரர் இருக்க என்ன பயம்? இருபது வருஷப் பழக்கத்தில் சொன்ன நேரத்துக்கு ஒரு துணியையும் கொடுத்தறியாதவர். என் தங்கை கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டையை நான் அவள் வளைகாப்புக்குப் போட்டுக்கொண்டு போனேன். கிழிசலை அவரிடம் ஒப்படைத்தால் கோயமுத்தூர்க்காரர் நாளைக்கு என்ன, வைகாசியில்கூட ஊரை விட்டு நகர முடியாது.

தையல் கடைத் திரைக்குப் பின்னால் கோயமுத்தூர்க்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்க, தையல்காரர் பேண்ட்டை வாங்கினார், மிஷினை மிதித்தார், திருப்பிக் கொடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“என்னங்க இது?” என்றேன்.

“பெரிய மனுசங்களைக் காக்க வைக்கலாங்களா சார்?”

நான் எந்த ரகம் என்று இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது.

விருந்தாளிக்கு ஒரே பூரிப்பு. “எங்கூர்லன்னா ரெண்டு நாள் இழுத்துப்போடுவாங்க. என்ன வேகமுங்க!” என்றவர், மாவு சலித்ததுபோல் வெளுத்துக் கிடந்த தன் பேண்ட்டையும் என் பேண்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தக் கலரு எங்கீங்க எடுத்தீங்க?”

கடைவீதியில் மங்கலம்பேட்டை பாய் ஒருவரின் ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனேன். பாய் எதையும் புகழ மாட்டார். துணியைக் கசக்கி, விரித்து, நம் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். சந்தன நிறத்தில் ஒரு பேண்ட் துணி எடுத்துக்கொண்டு மறுபடியும் தையல்காரரிடம் வந்தோம். அளவெடுத்தார்.

“அஞ்சு மணிக்கு ஆயிருமுங்களா?”

“அஞ்சுக்கு வந்துடுங்க சார்” என்றார் தையல்காரர். அந்தக் குரலை எனக்குத் தெரியும். வயிறு குளிர்ந்தது.

சாப்பாட்டில்தான் தப்புச் செய்தேன். கோட்டுக்கு மரியாதையாக ஏசி ஹாலுக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு நல்ல உடுப்புகள் பத்து நிமிஷம் நனைந்தன. எழுந்து, பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்கு நடந்தோம். திட்டக்குடிப் பக்கத்து ஏரி மீன், மண்சட்டியில் குழம்பு. அவர் கோட்டைக் கழற்றிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார், டையையும் மாட்டினார், மூன்று தடவை சோறு வாங்கினார். நன்றாக உடுத்தியவர் சாப்பிட வேண்டிய இடம், உடுப்பைக் கழற்றி மாட்ட ஆணி உள்ள இடம் என்று அன்றைக்கு எனக்குத் தெளிந்தது.

ஐந்து மணிக்குப் போனோம். “காஜா மட்டுந்தாங்க பாக்கி.” ஐந்தரைக்குப் போனோம். “காஜா போடற ஆளு தோ வந்துகிட்டே இருக்காருங்க.” ஆறு மணிக்கு சேலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தையல்காரர் தலையைத் தூக்கவே இல்லை. அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“சரி, காலைல வாங்கிக்கலாமுங்க” என்றார் விருந்தாளி. “தங்க எடமிருக்குதுங்களா?”

எனக்குத் தெரிந்த லாட்ஜுகள் மூன்று. ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் ரயில் அறிவிப்பு தலைமாட்டிலேயே கேட்கும். பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் கட்டில் நன்றாக இருக்கும், குழாய் இருக்காது. பெரிய கோயில் பக்கத்து லாட்ஜில் விடியற்காலை மணியடித்து எழுப்பிவிடுவார்கள், ஆனால் தண்ணீர் வரும். கோட்டு போட்டவருக்கும் கோமணம் கட்டியவருக்கும் தண்ணீர்தான் முக்கியம். வீட்டிலிருந்து என் லுங்கி ஒன்றும், மனைவி கொடுத்தனுப்பிய இட்லியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். லுங்கி கட்டிக்கொண்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

“ஒண்ணு சொல்லணுங்க. சூளை நாளைக்குத்தான் ஆறும். காலையிலேயே எங்களுக்குத் தெரியும்.”

அவர் இட்லியைச் சட்டினியில் நனைத்தார். “எனக்குந் தெரியுமுங்க. செவுத்துல கை வச்சனல்லொ? கொதிக்குது. இதா ஆறிப்போச்சுன்னு அந்த மாஸ்டரு தொறந்து காட்டியிருந்தாருன்னா அப்பவே பஸ் ஏறியிருப்பனுங்க.”

“அப்ப தங்கணும்னு மொதல்லயே...?”

“இல்லீங்க. ஆறு மணிக்குக் கெளம்பறதாத்தான் இருந்தேன். பேண்ட் வரலீங்களே.” அடுத்த இட்லியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு மாஸ்டர் சூளை வாசலில் கற்பூரம் காட்டிவிட்டுக் அடைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மைத்துனன் தூணோடு தூணாக நின்றான். முதல் தட்டில் இரண்டு கட்டைகள் பளபளப்புப் பூச்சு உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மாஸ்டர் அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தட்டை இழுத்தார். பால் மாதிரி வெள்ளை. அதற்கடுத்ததும் அப்படியே.

விருந்தாளி ஒவ்வொரு தட்டிலும் கைக்கு வந்ததை எடுத்து, காதருகே வைத்து, நகத்தால் சுண்டினார். ணங். ணங். கடைசித் தட்டுவரை அவசரப்படாமல் சுண்டினார். பிறகு மைத்துனனைப் பார்த்து, “மாசாமாசம் இதே மாதிரி அனுப்ப முடியுமுங்களா? ஒரு மாசத்துக்கு மட்டும்னா வேண்டாம். எனக்கு வருசம் பூரா வேணும்” என்றார்.

“முடியும்ங்க” என்று சொல்ல அவனுக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. சூளைக்குப் பின்னால் போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

சந்தன நிறப் பேண்ட்டை ஒருவழியாக வாங்கிக்கொடுத்து, பத்து மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டோம். பஸ் திரும்பி மறைகிறவரை நின்ற மைத்துனன், “டீ சாப்புடலாமா மாமா?” என்றான். கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டு, யூனிட் ஆட்களுக்கு ஒரு தூக்கு நிறைய வாங்கினான். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் வண்டியின் பின்னால் உட்கார்ந்தேன். அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். ஆனாலும் என் பேண்ட்டில் கொஞ்சம் சிந்தியது, துடைக்கத் தோன்றவில்லை.