ஏழாவது பகுதியை எழுதியவள்

போட்டோஸ்டேட் மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும் காகிதத்துக்கு ஒரு வாசம் உண்டு. நினைவிருக்கிறதா... கன்னத்தில் வைத்துப் பார்த்தால் இதமாக இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடை அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜோஸ்பின் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வந்துவிடுவாள். நான் செந்தூலிலிருந்து போவேன். அவள் கொண்டுவந்த பக்கங்களைப் பிரதி எடுத்து, கடை வாசலில் நின்றபடியே ஸ்டேப்ளர் அடிப்போம். பிறகு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் மூலை மேசை. மற்ற தோழிகள் அங்கே காத்திருப்பார்கள்.

நாங்கள் எல்லோரும் டிவியில் ஓடிய ஒரு உள்ளூர் தொடரின் ரசிகைகள். ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வேலை தேடி வந்த பவளம் என்ற பெண்ணின் கதை. அதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கடைசியாகப் பார்த்தபோது பவளம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வாரம் அதே நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள்.

சிரிக்காதீர்கள், எங்களால் தாங்க முடியவில்லை. அவளை அங்கேயே நிற்க வைத்துவிட்டு நாம் எப்படிச் சோறு தின்பது? அதனால் மீதிக் கதையை நாங்களே எழுத ஆரம்பித்தோம். ஆளுக்கொரு பகுதி.

யார் எழுதினாலும் கடைசியில் 'பவளம்' என்றுதான் போட வேண்டும். இது ஜோஸ்பின் கொண்டுவந்த சட்டம்.

"நம்ம பேரப் போட்டா வீட்டுல மானம் போயிரும் லா. வேலைக்குப் போற பொம்பளைங்க நாடகத்துக்குக் கதை எழுதுதுங்கன்னு சிரிப்பானுங்க. அதுவும் இல்லாம, கதை பவளத்தோடது. நடுவுல நாம யாரு?"

எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. எனக்கும்தான்.

ஜோஸ்பின் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க். பாஸ் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் அங்கேயே டைப் பண்ணிவிடுவாள். எங்களில் அவள்தான் எழுத்துக்காரி, மற்றவர்கள் எல்லாம் ஒப்புக்குத்தான். ஏழாவது பகுதியில், பவளம் கடைசி பஸ்ஸையும் போகவிட்டு, பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் முன்பின் தெரியாத ஒருத்தியோடு உட்கார்ந்துகொள்வாள். ஏன் அழுகிறாய் என்றுகூடக் கேட்கமாட்டாள். அதைப் படித்த அன்றைக்கு எங்கள் மேசையில் சோறு ஆறிப்போனது.

ஒருநாள் பெட்டாலிங் ஜெயாவில் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தாள். ரசிகர்களைப் பற்றி யாரோ பேராசிரியர் எழுதியது. கையில் குழம்போடு பக்கத்தைத் தொடாதே என்று என்னை அதட்டிவிட்டு, படித்துக் காட்டினாள்.

"பாருடி கௌரி, படிச்ச ஆளு எழுதிருக்காரு. ரசிகருங்க சும்மா பாத்துட்டுப் போறவங்க இல்லையாம். அவங்களும் சேந்துதான் கதைய உண்டாக்குறாங்களாம். பைத்தியம்னு ஒரு எடத்துலயும் சொல்லல."

கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நம்மளப் பத்தியும் ஒருநாள் இப்படி ஒரு புக் வரணும்டி. நான் கண்ணால பாக்கணும்."

கல்யாணம், பிள்ளைகள், வேலை... கூட்டம் மெல்லக் கரைந்தது. அப்புறம் பல வருஷம் கழித்து, ஒரு பல்கலைக்கழகப் பெண் என்னைத் தேடி வந்தாள். நம் ஊர்த் தமிழ் ரசிகர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே பிரதி, அந்த ஏழாவது பகுதி. கொடுத்தேன். எழுதியது ஜோஸ்பின் என்றும் சொன்னேன்.

"ஆனா இதுல பவளம்னுதானே அக்கா இருக்கு? வேற ஏதும் ப்ரூஃப் இருக்கா?"

அவளையே போய்க் கேள் என்று நம்பர் கொடுத்தேன். ஜோஸ்பின் அப்போதே படுக்கையில் இருந்தாள். அந்தப் பெண் கிள்ளானுக்குப் போக நாள் பார்ப்பதற்குள் ஜோஸ்பின் போய்ச் சேர்ந்துவிட்டாள். பழைய தோழிகளை விசாரித்ததில் ஒருத்திக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. இன்னொருத்தி, அதைத் தானே எழுதியிருக்கலாம் என்றாளாம்.

போன மாதம் புத்தகம் வந்தது. நல்ல புத்தகம், பொய் சொல்லக்கூடாது. எங்களை எங்கேயும் கேலி பண்ணவில்லை. ஜோஸ்பின் டைப் பண்ணிய பக்கத்தை ஸ்டேப்ளர் தடத்தோடு அப்படியே படமாகப் போட்டு, அதைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், எழுதியவர் தெரியவில்லை என்று இருந்தது. எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்கவில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். ஜோஸ்பினின் மகள் ஷாமினி அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு ஆன்டி. யாரு இவங்க?"

"உங்கம்மா."

அவள் படத்தைப் பார்த்தாள், கீழே இருந்த வரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா அலமாரியில இந்த மாதிரி ஸ்டேப்பிள் பண்ண பேப்பர் ரெண்டு பொட்டி இருந்துச்சு ஆன்டி. எல்லாத்துலயும் பவளம் பவளம்னு இருந்துச்சு. அம்மாவோட ஃப்ரெண்ட் யாரோ எழுதுன கதைன்னு நெனச்சேன். அம்மா எழுதுனது எதுவும் அதுல இல்லன்னுதான்... பழைய பேப்பர் லோரிக்குப் போட்டுட்டேன்."

புத்தகத்தை அவள் கையிலிருந்து விடவில்லை. அதை அவளிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என் ஆபீஸ் பிள்ளைகள் சின்னதாக ஒரு ரீல் போட்டாலும் மூலையில் தங்கள் பெயரை ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறார்கள். என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது என்று முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை.

அதனால் அவள் பெயரை இங்கே எழுதிப் போட்டு வைக்கிறேன். பவளத்தின் ஏழாவது பகுதியை எழுதியவள் கிள்ளான் ஜோஸ்பின். ஆதாரம் கேட்காதீர்கள்... லோரியில் போய்விட்டது.