ஞாயிற்றுக்கிழமை நிற்காத சக்கரம்

தாம்பரத்தில் ஒரு காலேஜில் எனக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிற வேலை. பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவன் காலேஜில் அத்தனை வருஷம் இருந்தேன் என்றால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். காலையில் மோட்டாரைப் போட வேண்டும், டேங்க் நிரம்பி வழிந்ததும் நிறுத்த வேண்டும். வழிவதற்கு முன்னால் நிறுத்து என்றுதான் உத்தரவு. வழிந்தால்தானே நிரம்பியது தெரியும்?

செம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து நான் தினமும் லேட்டானதால், மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையைக் காலேஜிலேயே கொடுத்தார்கள். நானும் என் பெண்டாட்டியும் அங்கே குடிவந்தோம். அப்போது இருந்த வயர்மேன் மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்து, இப்போதைக்கு இது இருக்கட்டும் என்றார். பிறகு அவர் ரிட்டையர் ஆனார், படப்பையில் வீடு கட்டினார், மகளுக்குக் கல்யாணம் செய்தார், எங்களையும் கூப்பிட்டார், பந்தியில் பாயசம் தீர்ந்துபோய்ப் பெரிய தகராறு. அந்த ஒயர் மட்டும் இப்போதைக்கே இருந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பல்பு, ஒரு ஃபேன். வேறு எதுவும் மாட்டினால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் கிரைண்டர் வந்தது. என் மச்சான் முடிச்சூர் ரோட்டில் ஹோட்டல் வைத்தான். சமைத்ததை அவனே சாப்பிட்டு அவனே மூடினான். ஹோட்டல் கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் போட்டால் பல்பு மங்கும், ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் பெண்டாட்டி மாவு ஆட்ட ஆரம்பிப்பாள். ஐந்து மணிக்கு வாத்தியார்கள் குவார்ட்டர்ஸிலிருந்து மாவு வாங்க வரிசையாகத் தூக்குவாளிகள் வரும்.

பிசிக்ஸ் புரொபசர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். எரிகிற விளக்கைக் கண்டால் அவர் கை தானாகப் போய் அணைக்கும். ஒரு தடவை பக்கத்து வகுப்பில் இன்னொருவர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்டுப் போனார். இவரிடம்தான் காலேஜில் கரண்ட் செலவைக் குறைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். வாட்ச்மேன், தோட்டக்காரர், நான் எல்லோரையும் வேப்ப மரத்தடியில் உட்காரவைத்துப் பேசினார். இங்கே நாம் ஒரு ஃபேன் போட்டால் அங்கே எண்ணூரில் நிலக்கரி எரிகிறது, அந்தப் புகை மேலே போய் உலகத்தையே கம்பளி மாதிரி மூடிக்கொள்கிறது, உலகம் சூடாகிறது என்றார். மார்கழிக்கு நல்லதுதானே சார் என்று தோட்டக்காரர் கேட்டார். புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் மறுநாள் பக்கத்தில் இருக்கிற பச்சைமலை மேல் ஏறி அந்தப் புகை தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு ஏரோப்ளேன்தான் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை அவர் என்னை மீட்டர் ரூமுக்குக் கூட்டிப்போனார். எங்கள் பக்கத்துக் கட்டடங்களுக்கும் மோட்டார் ரூமுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். கண்ணாடிக்குள் ஒரு அலுமினியச் சக்கரம், அதில் ஒரு கறுப்புக் கோடு. கரண்ட் ஓடினால் சக்கரம் சுற்றும், கோடு வந்து வந்து போகும்.

"நேத்து மூணு மணிக்கு வந்து பார்த்தேம்ப்பா. காலேஜ்ல ஒரு ஆள் இல்ல. இது மட்டும் பேய் மாதிரி சுத்துது. எங்கயோ லீக். நீதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

லீக் என்றால் எனக்குத் தெரிந்த விஷயம். சணலைச் சுற்றி நிறுத்திவிடலாம் சார் என்று தைரியம் சொன்னேன். திரும்பி வரும் வழியில்தான் ஞாயிறு மூன்று மணி என்பது உறைத்தது. அவர் தேடுகிற லீக்கில் என் பெண்டாட்டி உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் சொன்னேன். கொஞ்ச நாள் ஆட்டாதே, அறையே போய்விடும் என்றேன். அவள் அசையவில்லை.

"அத்தினி வூட்டுக்கும் நீ போய் பதில் சொல்லுவியா? சக்கரம் நிக்கணும்னா நீயே போய் புடிச்சிகினு நில்லு."

அடுத்த ஞாயிறு புரொபசர் மீட்டருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கையில் நோட்டு, கழுத்தில் விளையாட்டு வாத்தியாரிடம் வாங்கிய விசில். நான் ஒவ்வொரு கட்டடமாகப் போய் மெயினை அணைக்க வேண்டும். சக்கரம் இன்னும் சுற்றினால் அவர் ஒரு விசில் அடிப்பார், நின்றால் இரண்டு. லைப்ரரியை அணைத்தேன், ஒரு விசில். லேபை அணைத்தேன், ஒரு விசில். ஆபீஸ், கேன்டீன், எல்லாம் ஒரு விசில்தான். கடைசியில் வேறு வழி தெரியாமல் மோட்டார் ரூமுக்கு ஓடி எங்கள் ஒயரின் பீஸைப் பிடுங்கினேன். இரண்டு விசில் கேட்டது. அதற்கு மேல் என் பெண்டாட்டியின் குரல் கேட்டது.

புரொபசர் மூச்சு வாங்க ஓடிவந்து எதை அணைத்தாய் என்றார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பல்பு சார் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பல்பு இவ்வளவு கரண்ட் இழுக்க முடியாதே என்று முணுமுணுத்தார். மறுநாள் காலேஜில் உள்ள மாடிப்படி பல்புகளை எல்லாம் கழற்றி லேபில் வைத்துச் சோதித்தார். பையன்கள் இருட்டில் படி தடுக்கி விழுந்தார்கள். மூன்று ஞாயிறு இது நடந்தது. அவர் ஸ்டூலில் உட்காருவார், நான் எல்லாக் கட்டடங்களையும் சுற்றிவிட்டு வந்து பீஸைப் பிடுங்குவேன், உளுந்து பாதி அரைபட்டுக் கல்லோடு நிற்கும். திங்கட்கிழமை குவார்ட்டர்ஸ் முழுக்க இட்லி தட்டையாக வந்தது.

நாலாவது ஞாயிறு விசில் சத்தத்தைக் காணோம். தப்பித்தோம் என்று நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் தட்டியது. புரொபசர், கையில் தூக்குவாளி. மாவு ஏன் இப்படி ஆகிவிட்டது என்று கேட்டுவரச் சொல்லி வீட்டம்மா அவரை அனுப்பியிருக்கிறார். அவர் கிரைண்டரைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மாடிப்படி பல்பு" என்றார் மெதுவாக.

நான் எழுந்து நின்றேன். அறை போய்விட்டது, செம்பாக்கம் சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. என் பெண்டாட்டி கையில் இருந்த மாவை வழித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், இத்த நிறுத்தினா உங்க சக்கரம் நிக்கும். உங்க வூட்ல இட்லியும் நிக்கும். இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

அவர் தண்ணீர் டிரம் மேல் உட்கார்ந்தார். எத்தனை வீட்டுக்கு அரைக்கிறாய் என்று கேட்டார். கெமிஸ்ட்ரி சார் வீடு, பல்லு கட்டின டீச்சர் வீடு, நாய் வளர்க்கிறவர் வீடு என்று அவள் விரல் விட்டுச் சொன்னாள். பிரின்சிபால் வீடும் அதில் இருந்தது. இத்தனை வீட்டிலும் தனித்தனியாகக் கிரைண்டர் ஓடினால் எவ்வளவு ஆகும் என்று அவர் நோட்டை எடுத்துப் போட ஆரம்பித்தார். ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கமும் போனது.

"ஏம்ப்பா, இது லீக் இல்ல. இதான் சேமிப்பு."

ஆனாலும் மறைக்கிற மனிதர் இல்லை அவர். உள்ளதை உள்ளபடி ரிப்போர்ட் எழுதிக் காலேஜ் கமிட்டியில் படித்தார். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். உள்ளே அவர் படித்து முடித்தார். பிறகு ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே இருந்தவர்களில் எங்கள் மாவு சாப்பிடாதவர் ஒருவரும் இல்லை.

அறை எங்களிடமே இருந்தது. பழைய ஒயரை எடுத்துவிட்டுப் புது ஒயர் போட்டு, எங்களுக்கென்று ஒரு சின்ன மீட்டரைச் சுவரில் மாட்டினார்கள். உளுந்தை இன்னும் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் கிரைண்டர் சீக்கிரம் நிற்கும் என்று புரொபசர் ஒரு யோசனையும் சொன்னார். உளுந்து ஊறவைக்க எனக்கு காலேஜா என்று என் பெண்டாட்டி ஒரு வாரம் திட்டினாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னாலேயே ஊறப்போட்டாள், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வினை எனக்குத்தான் வந்தது. மீட்டர் கட்டிலுக்கு நேரே இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஃபேனைப் போட்டுப் படுப்பேன். கண் சொருகும் நேரத்தில் ஃபேன் நிற்கும்.

"யோவ், கோடு சுத்திகினே கீது. எண்ணூர்ல பொகையாம். எழுந்து மரத்தாண்ட போ."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போவேன். அங்கே எனக்கு முன்னாலேயே புரொபசர் பேப்பரை விரித்துப் படுத்திருப்பார். அவர் வீட்டு ஃபேனை அவரே நிறுத்திவிட்டு வந்திருப்பார். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுப்பார்.