நடுவில் நின்ற முள்

சாவியைத் திருப்பிய கணமே எழுந்து நிற்கும். அப்படியொரு முள் என் காரில் இருந்தது. பழைய அம்பாசிடர், பால் வெள்ளை. டாஷ்போர்டில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி, அதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள். இடது ஓரம் குளிர்ச்சி, வலது ஓரம் கொதிப்பு. என் முள் இரண்டையும் தொடாது. சித்திரை வெயிலிலும் மார்கழி விடியலிலும் நட்டநடுவில், அசையாமல், சாமி மாதிரி. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். ஆயுத பூசைக்கு எல்லோரும் பானெட்டுக்கும் சக்கரத்துக்கும் சந்தனம் வைப்பார்கள். நான் அந்தக் கண்ணாடியின் விளிம்பில் தனியாக ஒரு பொட்டு வைப்பேன்.

இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இன்ஜினில் முள் எப்படி உடனே நடுவுக்கு வரும்? பதினோரு வருடம் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவிக்கு முள் தெரியாது, மூக்கு தெரியும். சிறுமலை ஏறும்போது, நாலாவது வளைவிலோ ஐந்தாவதிலோ, "என்னங்க, சூட்டு வாசம் வருது" என்றாள். நான் முள்ளைக் காட்டினேன். "நடுவுல நிக்குது பாரு. ஒனக்குத்தான் எப்பவும் ஏதாச்சும் வாசம் வரும்." அடுத்த வளைவிலும் சொன்னாள். எரிச்சலோடு ஓரம் கட்டினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், அவள் சொன்னது தப்பென்று காட்டுவதற்காகத்தான். தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றிருந்தாள். பொங்கிச் சீறிய நீராவி முழுக்க அவள் வலது முன்கையில் விழுந்தது. சூட்டோடு மூடியைத் திறந்த என் கைதான் தப்பு, முள் இல்லை என்று அப்போதும் நம்பினேன்.

அந்தப் புண் ஆறியதும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "இனி நான் அதுல ஏற மாட்டேன்."

ஏறவில்லை. இரண்டு வருடம். வடமதுரையில் கல்யாணம் என்றால் அவள் பஸ்ஸில், நான் பின்னாலேயே காரில். பஸ்ஸின் பின்கண்ணாடியில் அவள் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். பக்கத்து சீட் காலியாக இருக்கும். வெயில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவளை மறுபடி அந்த சீட்டில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அதற்காகத்தான் புது மீட்டர்கள் வாங்கினேன். சூட்டுக்கு ஒன்று, ஆயில் பிரஷருக்கு ஒன்று. முள்ளோடு எண்களும் உள்ளவை, சாவியை அணைத்தாலும் இன்ஜின் சூட்டை நேராகக் காட்டுபவை. எண் இருந்தால் நம்புவாள் என்று நினைத்தேன்.

காரைப் பார்த்துக்கொள்பவன் என் பள்ளித் தோழன். நத்தம் சாலையில் அவனுக்கு ஒர்க்‌ஷாப். வீட்டில் மல்லிகைத் தோட்டம். பள்ளிக்கு வரும் முன் பூக்கட்டிவிட்டு வருவான், விரலெல்லாம் மணக்கும். வளர்ந்து வயரைப் பிடித்த பிறகும் அந்த விரல் மாறவில்லை. எந்த வயரை இணைத்தாலும் டேப் சுற்றி, அதன்மேல் நூலால் பூக்கட்டும் முடிச்சுப் போடுவான். "டேப்பு வெயில்ல எளகிரும் மாப்ள. இந்த முடிச்சு எளகாது."

மீட்டர்களைக் கொண்டுபோனதும் முகம் சுளித்தான். "கெழவிக்கு எதுக்குடா புது மூக்குத்தி? வண்டி அழகே போயிரும்." அடுத்த வாரம் என்றான். அடுத்த வாரம் ஆள் இல்லை என்றான். பிறகு, "டாஷ்போர்டக் கழட்டுனா ஒடைஞ்சிரும்டா. இருக்கறது நல்லாத்தான இருக்கு?" என்றான். நாலு தடவை திரும்பி வந்தேன். ஐந்தாவது தடவை அவன் கடையைத் தாண்டிப்போய், பைபாஸ் பக்கம் புதிதாகக் கடை போட்டிருந்த எலெக்ட்ரீஷியனிடம் நிறுத்தினேன். நெய்க்காரப்பட்டிக்காரர். ஆணியைக்கூட மரியாதையோடு கழற்றுபவர்.

டாஷ்போர்டுக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"ஏனுங்க, இந்த மீட்டர் வேல செய்யுதுன்னுதான நெனச்சீங்க?"

"ஏன்?"

"இன்ஜின்ல இருந்து வர்ற வயர அத்து விட்ருக்காங்க. அதுக்குப் பதிலா இங்கயே ஒரு ரெசிஸ்டரு. அரிசி மணியாட்டம் இருக்குது பாருங்க. சாவி போட்டா முள்ளு நடுவுக்கு வந்து நின்னுக்கும். இன்ஜினு தீப்பிடிச்சாலும் இது நடுவுலதானுங்க நிக்கும்."

வெட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு விரற்கடை வயர், நடுவில் கறுப்பு டேப், டேப்பின்மேல் நூல். பூக்கட்டும் முடிச்சு. இளகவே இல்லை.

தோழனின் கடைக்கு நடந்தே போனேன். அவன் ஏதோ ஒரு காரின் அடியில் படுத்திருந்தான். கால்களை வைத்தே தெரியும், முப்பத்தைந்து வருடம் பார்த்த கால்கள். கூப்பிட்டேன். வெளியே வந்தவன் என் கையைப் பார்த்தான். பிறகு முகத்தை.

"எப்படா பண்ணுன?"

"நீ வண்டி வாங்குன மொத வருசம்." கைத்துணியை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தான். "தெனம் வந்து முள்ளு ஏறுது, முள்ளு ஏறுதுன்னு உசுர வாங்குன. நானும் எம்புட்டோ பாத்தேன், கொதிப்ப முழுசா நிறுத்த முடியல. வண்டியக் குடுத்துருவேன்னு வேற சொன்ன. ஒனக்கு முள்ளு நடுவுல நின்னாப் போதும்னு தோணுச்சு மாப்ள. அதுக்கப்பறம் எம்புட்டு சந்தோசமா ஓட்டுன!"

அதுதான் குத்தியது. அவன் சொன்னது பொய்யில்லை.

"செரி. அவ கை வெந்தப்ப? ஆஸ்பத்திரிக்கு வந்தியே, எளநி வாங்கிட்டு. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வெளியே ஒரு லாரி ஹார்ன் அடித்து, அடித்து, போய்விட்டது. ரெசிஸ்டரை மன்னித்துவிடலாம் போலிருந்தது. இரண்டு வருடம் சொல்லாமல் மறைத்ததை எந்த இடத்தில் வைப்பது? முப்பத்தைந்து வருடத்தில் அதற்கு இடமே இல்லை.

புது மீட்டர் ஏறிய காரை வாசலில் நிறுத்தி, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"அண்ணன் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப என் கையையே பாக்கல. சன்னலையே பாத்துக்கிட்டிருந்தாரு. வெந்த கையப் பாக்க மனசு வரல போலன்னு நெனச்சேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். "அவரு முள்ளுக்குப் பொய் சொல்லிக் குடுத்தாரு. நான் உங்ககிட்ட நெசத்தச் சொன்னேன். யார நம்புனீங்க?"

என்னிடம் ஸ்பேனர்கூட இல்லை, துடைக்க.

"சும்மா செத்த நேரம் உக்காரு. ஓட்டல. வாசல்லயே நிக்கட்டும்" என்றேன்.

உட்கார்ந்தாள். கதவு திறந்தபடி, ஒரு கால் தரையில். இன்ஜினைப் போட்டேன். புது முள் இடது ஓரத்தில் படுத்தே கிடந்தது. பிறகு, தூக்கம் கலைந்த குழந்தைபோல, மெல்ல, மிக மெல்ல ஏறத் தொடங்கியது. அறுபது. எழுபது. எண்களை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பதுக்கு வந்ததும் நின்றது. எலெக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார், எண்பது நல்ல சூடு, கவலையே வேண்டாம் என்று.

"வாசம் வருது" என்றாள்.

எனக்கு எதுவும் வரவில்லை. முள் எண்பதிலேயே நின்றது. சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அவள் கதவைச் சாத்தவில்லை. தரையிலிருந்த காலை எடுக்கவும் இல்லை. ஆனால் இறங்கவில்லை. முள் கீழே இறங்கும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.