திரும்பி வந்த தட்டு

டிரினா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரில் மெவ்லிதாவைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் பல வருஷம் பீன்ஸ் சூப் ஊற்றியவள். அந்த சூப்பைக் குடித்து வளர்ந்த எவனோ ஒருவன்தான் அவள் வீட்டுச் சுவரில், 'துருக்கியர்களே, துருக்கிக்கே போங்கள்' என்று எழுதிவைத்தான். அங்கே முஸ்லிம்களை ஏச அதுதான் வார்த்தை. துருக்கியை அவள் டிவி சீரியலில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அதையும் பக்கத்து வீட்டு ஸ்தோயன்காவோடு உட்கார்ந்து, இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்தார்கள். இவள் முஸ்லிம், அவள் செர்பியக் கிறிஸ்தவள். அழும்போது அந்த வித்தியாசமெல்லாம் யாருக்கும் நினைவில்லை.

கணவர் ஹுஸ்னியா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். எழுத்து மறைந்தது, மெவ்லிதாவின் நெஞ்சுப் படபடப்பு மறையவில்லை. செர்பியர்கள் முஸ்லிம்களை விரட்டிய போரில் ஓடிப்போய்த் திரும்பி வந்தவள் அவள். தெருவில் ஏதாவது கார் வேகம் குறைந்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலோரம் ஒதுங்கி நிற்பாள். தலைத்துணியைக் கழற்றிவைத்துவிட்டு, ஜூன் மாத வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். வழியில் கணவர் யாருக்காவது சத்தமாக ஸலாம் சொன்னால் அவர் கையைக் கிள்ளினாள். டாக்டர், "எல்லாம் நரம்புதாம்மா" என்று மாத்திரை எழுதினார். சுவரில் எழுதியவனுக்கு நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறதாம், மாத்திரை இவளுக்காம்.

"நாட்டை விட்டு லின்ஸுக்கு, நம்ம பையன்கிட்டயே போயிரலாம்டி," என்றார் ஹுஸ்னியா. "நீ ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சு?"

"ஸ்தோயன்கா அக்கா பக்கத்துல இருக்கிற வரைக்கும் நான் எதுக்குப் போகணும்? நாம திரும்பி வந்தப்போ இந்தத் தெருவுல காபி கொண்டாந்து குடுத்தது அவங்க ஒருத்தங்கதான். மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. ஆனால் அந்த ஸ்தோயன்கா காலைக் காபிக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். பெல்கிரேடிலிருந்து அவள் மகன் வந்திருந்தான். கார் நிறையச் செர்பியக் கொடி, வாய் நிறையத் 'துருக்கியர்கள்'.

பெருநாள் வந்தது. அந்த ஊரில் பெருநாளானாலும் ஈஸ்டரானாலும் அண்டை வீட்டுக்குத் தட்டு போகும். போன தட்டை யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லையென்றாலும் நாலு சர்க்கரைக் கட்டியாவது வைப்பார்கள். மெவ்லிதா முந்தின நாளே உட்கார்ந்து மாவை இழுத்து, பக்லாவா இனிப்பு செய்து எடுத்துப் போனாள்.

ஸ்தோயன்கா கதவைப் பாதிதான் திறந்தாள். "இளைச்சுட்டியேடி," என்றாள், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே.

"வாங்களேன் அக்கா. சீரியல்ல அந்தப் பாவிப்பய ஜெயிலுக்குப் போயிட்டான்."

"வர்றேன்டி. பையன் ஊருக்குப் போகட்டும், வர்றேன்."

மறுநாள் காலையில் வாசல் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே தட்டு, கழுவித் துடைத்தது. மெவ்லிதா பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். மறுபடியும் துழாவினாள். ஒன்றுமில்லை. ஸ்தோயன்கா கெட்டவள் இல்லை, மகனுக்குப் பயந்தவள். பயந்த நல்லவளால் யாருக்கு என்ன லாபம்? சுவரில் எழுதியதைக்கூடத் தாங்கிக்கொண்டவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குள் ஹுஸ்னியா இருமும் சத்தம் கேட்டது. அவள் கொல்லைப்புறமாகப் போய், சாக்கிலிருந்து ஒரு கை வால்நட் அள்ளித் தட்டில் போட்டு, மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா குடுத்தனுப்பினாங்க."

அவர் ஒன்றை எடுத்து உடைத்தார். சொந்த மரத்து வால்நட் சின்னது, ஓடு கெட்டி. உலுக்கிப் பொறுக்கிக் காயவைத்ததே அவர்தான். வெகுநேரம் மென்றார்.

"நல்ல பொம்பள," என்றார். இன்னொன்றை உடைத்துப் பருப்பை அவள் முன்னால் வைத்தார். "சாப்பிடு."

அவள் எடுக்கவில்லை. அவள் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"பையனுக்குப் போன் போடட்டுமா?"

மெவ்லிதா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க," என்றாள்.