பச்சை பெயிண்ட்டும் மூன்று பேட்டரியும்

தலைச்சோலை சின்னராஜுக்கு அசையாமல் நிற்கும் எதைக் கண்டாலும் பெயிண்ட் அடிக்கத் தோன்றும். ஆட்டுப்பட்டி, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் என்று வீட்டில் எதுவும் தப்பவில்லை. "நான் ஓரெடத்துல நிக்காம ஓடிட்டே இருக்கறதால பொழைச்சேன்" என்பார் மனைவி கலா.

காப்பிப் பழம் உரிக்கும் மிஷினின் டீசல் இன்ஜினைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவர் சின்னராஜ். ஐந்து வருஷத்துக்கு முன் அந்த எஸ்டேட்டை வாங்கியவர்கள், காப்பியைவிடப் புதுமணத் தம்பதிகள் நல்ல மகசூல் தருவார்கள் என்று கண்டுபிடித்து அதை ரிசார்ட் ஆக்கினார்கள். காப்பிக்கொட்டை கழுவத் தண்ணீர் தேக்கிய குளத்துக்கு 'லேக்' என்று பலகை நட்டார்கள். பெயர் மாறியதால் தண்ணீர் ஒரு குடம்கூட ஏறவில்லை. அதில் ஆறு மிதிபடகுகள் மிதந்தன. யாராவது விழுந்தால் தூக்க மோட்டார் போட் ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். உடனே கடலோரத்தில் மீன்பிடித்து ஓய்ந்த பழைய போட் இன்ஜின் ஒன்று மலையேறி வந்தது. "உங்களுக்குத்தான் இன்ஜின் தெரியுமே" என்று அதைச் சின்னராஜ் கையில் கொடுத்தார்கள். காப்பி இன்ஜினும் போட் இன்ஜினும் ஒன்றா என்று அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. சின்னராஜுக்கும் வரவில்லை. இதுவரை தண்ணீரில் விழுந்தவர்கள் மூன்று பேர். மூவரும் தாமாக எழுந்து நின்றார்கள். தண்ணீர் இடுப்பளவு இருந்தது.

ஜூன் மாதம் அந்த இன்ஜினுக்கு நோய் வந்தது. சாவியைத் திருப்பினால் 'கடக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கயிற்றை இழுத்தால் பிடிக்கும்; பிடித்தாலும் இருமி இருமி நின்றுவிடும். பேட்டரியில் சார்ஜ் ஏறவே இல்லை.

மேனேஜர் ஷெர்வின் ஹோட்டல் படிப்புப் படித்தவர். பழுதானதை மாற்றிவிட வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். புது பேட்டரி வாங்கினார். அது இரண்டு நாளில் படுத்தது. இன்னொன்று வாங்கினார். அதுவும் படுத்தது. அடிவாரத்திலிருந்து கார் எலக்ட்ரீஷியன் ஸ்டெபின் வந்தார். விலை உயர்ந்த மீட்டரைக் காட்டினார். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் ரெக்டிஃபயர் போய்விட்டது என்று புதிதாக ஒன்றை அதே இடத்தில் முடுக்கினார். கூடவே மூன்றாவது பேட்டரி வாங்கச் சொன்னார். அதுவும் புதன்கிழமை காலை செத்தது.

"சின்னராஜண்ணா" என்றார் ஷெர்வின், "வெள்ளிக்கெழம சேலத்துல இருந்து சேஃப்டி ஆபீசர் வர்றாங்க. இது ஸ்டார்ட் ஆவலைன்னா போட்டிங்கையே மூடிருவாங்க. ஓனரோட மச்சான் கரண்ட்டுல ஓடற போட்டு விக்கறாருங்களாம். ஓட்டறதுக்கு ஆளும் அவரே அனுப்பறாராம்."

"அப்ப நானுங்க?"

"பார்க்கிங்குல விசில் ஊத ஆள் வேணும்ணா."

அன்று மாலை சின்னராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கலா டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்பவர். அதற்கென்று பயிற்சி எடுத்தவர். நோயாளி சொல்வதைப் பாதிதான் நம்புவார்.

"எலி வயரக் கடிச்சிருக்கும்" என்றார் சின்னராஜ்.

"ஏனுங்க, நம்மூட்டு நெல்ல உட்டுப்போட்டு எலி தண்ணீல நீந்திப் போயி வயரத் திங்குதாக்கும்."

"இல்லாட்டி அந்த ஸ்டெபின் மாத்தி முடுக்கிட்டான்."

"கெட்டதுனாலதான அவரு வந்தாரு? அவரு வந்துங்களா கெட்டுச்சு?" கலா குழம்பை ஊற்றினார். "எப்ப இருந்து இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான்."

"எங்க கெழவிக்கு வவுத்தால போவுதுன்னா, கொஞ்ச நாளாங்கறத நர்சம்மா எழுதிக்க மாட்டாங்க. எந்தக் கெழமைல இருந்து, அதுக்கு மொத நாளு என்ன தின்னுச்சுன்னுதான் கேப்பாங்க. மருந்தெல்லாம் பொறவு."

சின்னராஜ் விரல் விட்டு எண்ணினார். "கோடை விழா முடிஞ்ச திங்கக்கெழம இருந்து."

"ஞாயித்துக்கெழம என்ன தின்னுச்சு?"

அவர் எழுந்து கைகழுவப் போனார். என்ன தின்றது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். விழாக் கூட்டத்துக்காக ரிசார்ட் கேட்டுக்கு அடித்த பச்சை பெயிண்ட்டில் பாதி டப்பா மிஞ்சியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வயர்களையும் மேலிருந்த பெட்டிகளையும் கழற்றி, இன்ஜினுக்கு இரண்டு பூச்சு அடித்து, வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டியிருந்தார். மேலுக்குப் பூசியது உள்ளே எப்படிப் போகும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு தூங்கினார். அதாவது, தூங்கப் படுத்தார்.

வியாழன் காலை, கார் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி எடுத்துப் போனார். மூன்றாவது பேட்டரிக்கு ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள். பல்பின் ஒரு வயரை அதன் பிளஸ்ஸில் வைத்தார், மற்றதை மைனஸில் வைத்தார். பல்பு கண்ணைக் கூசவைத்தது. மைனஸ் வயரை எடுத்து இன்ஜின் உடம்பில் வைத்தார். எரியவில்லை. பல்பைத் தட்டினார், பல்பைத் திட்டினார். பிறகு திருப்புளியால் உடம்பில் ஒரு கீறு கீறி, பெயிண்ட் உரிந்த இடத்தில் வைத்தார். சீக்காளிக் கண் மாதிரி மங்கலாக எரிந்தது.

சின்னராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு வரும் எர்த் வயர் ஒற்றை போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. போல்ட்டைக் கழற்றினார். அடியில் இரும்பு தெரியவில்லை. பளபளவென்று பச்சைதான் தெரிந்தது. ரெக்டிஃபயருக்கு அடியில் பச்சை. பிளக்குக்குப் பொறி அனுப்பும் பெட்டிக்கு அடியிலும் பச்சை. மின்சாரம் திரும்பிப் போகிற வழியையெல்லாம் தன் கையாலேயே, மிக நேர்த்தியாக, இரண்டு பூச்சில் அடைத்திருந்தார்.

மூன்று இடத்திலும் இரும்பு வெள்ளியாய்த் தெரியும்வரை சுரண்டினார். வயர்களை இறுக்கி முடுக்கினார். ஈரம் ஏறாமலிருக்க, கிழவிகளின் குதிகால் வெடிப்புக்கென்று கலா வாங்கி வைத்திருந்த வாஸ்லினைத் தடவினார். பல்பு இப்போது இன்ஜின் உடம்பிலும் கண்ணைக் கூசவைத்தது. சாவியைத் திருப்பினார். முதல் திருப்பில் பிடித்தது. வேகம் கூட்டியதும் பேட்டரி மீட்டரின் முள் பதினாலு வோல்ட்டைத் தொட்டது; சார்ஜ் ஏறியது.

ஓடி வந்த ஷெர்வின் கேட்டார்: "என்னண்ணா கோளாறு?"

"ஸ்டெபின் ரெக்டிஃபயரச் சரியா மாட்டலீங்க" என்றார் சின்னராஜ். அது முழுப் பொய்யும் இல்லை என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் சௌமியா வந்தார். தானே சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இன்ஜின் மூடியைத் திறக்கச் சொன்னார்.

"நொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க. புதுசுங்களா?"

"பழசுதாங்க. பெயிண்ட் அடிச்சது."

"ஆனா இங்க மூணு எடத்துல உரிஞ்சிருக்குதே. துருப் புடிக்குமில்ல? ஒரு கை அடிச்சிருங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

ஷெர்வினுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "சின்னராஜண்ணா, டப்பா ஷெட்டுலதான இருக்குது? நானே எடுத்தாறேன்."

சின்னராஜ் போட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் போய் நின்றார். பெயிண்ட் டப்பாவுக்கு அவர் குறுக்கே நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"வேண்டாங்க. அது உரிஞ்சது இல்லீங்க. நான் சொரண்டுனது. அங்க பெயிண்ட் இருந்தா வண்டி ஓடாதுங்க."

"யாரு அடிச்சது அங்க?" என்றார் ஷெர்வின்.

"நாந்தாங்க."

ஷெர்வின் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அங்க கெடக்கற ரெண்டு புது பேட்டரி?"

"நல்லாத்தாங்க இருக்குது. சார்ஜ் போட்டா ஓடும். பழைய ரெக்டிஃபயரும் நல்லாத்தாங்க இருக்கும்." சொல்லிவிட்டுச் சின்னராஜ் சட்டைப்பையைத் தடவினார், அங்கே விசில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டதா என்று பார்ப்பவர்போல.

சௌமியா தாளில் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் பெயர் கேட்டார்.

ஷெர்வின் ஒரு பெருமூச்சு விட்டார். "சின்னராஜ்னு எழுதுங்க மேடம். கோளாறு எங்கன்னு இவருக்குத்தான் தெரியுது."

சௌமியா எழுதினார். கீழே, குறிப்பு என்ற கட்டத்தில் இன்னொரு வரியும் சேர்த்தார்: 'ஓட்டுநர் இன்ஜினுக்கு வர்ணம் பூசுதல் கூடாது.'

அன்று மாலை சின்னராஜ் பச்சை டப்பாவைக் கலாவிடம் ஒப்படைத்தார். கலா அதை வாங்கி, அவர் கைக்கு எட்டாத பரணில் ஏற்றினார். ஏணியையும் அறைக்குள் வைத்துப் பூட்டினார்.